கப்பல் பருப்பு மலிவுதானா?



மளிகைக் கடையில் கால் வைத்ததும் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, "துவரம் பருப்பு என்ன விலை?" என்பதுதான். அரிசி விலையைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்கிறார்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமம் பகுதியில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்பவர்கள், ஓட்டல்காரர்கள், மடங்கள், சுற்றுக் கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் இந்த ஒரே கேள்விதான்.

இரண்டாவது ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. "இந்தப் பருப்பு எந்த ஊர் சரக்கு?" என்பதே அது. கேட்டால் நான் சொல்லும் பதில் அவர்களைத் திகைக்க வைக்கும். லெமன் துவரை பர்மாவில் விளைந்தது. வெள்ளைத் துவரை மொசாம்பிக்கிலிருந்து வந்தது. அருஷா துவரை தான்சானியா சரக்கு. மஞ்சள் பட்டாணி கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வருகிறது. இட்லிக்கு ஊறப் போடும் உளுந்தில் ஒரு பகுதி பர்மாவிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது. மலை சுற்றி வந்து தொன்னையில் சாம்பார் சாதம் வாங்கி உண்ணும் பக்தருக்கு, அந்தப் பருப்பு தம்மைவிட அதிக தூரம் நடந்து வந்தது என்பது தெரியாது!

இறக்குமதியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் குடோனிலும் வெளிநாட்டு மூட்டைகள் இருக்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் அந்த மூட்டை வராவிட்டால் நம் கடைகளை மூட வேண்டியதுதான். ஆனால், பில்லில் போட்டிருக்கும் விலைதான் அந்தப் பருப்பின் முழு விலை என்று நினைத்தால் நாம் ஏமாந்து போவோம். மீதி விலையை முதலில் உழவர் கொடுக்கிறார். அடுத்து வியாபாரி கொடுக்கிறார். கடைசியில் வாடிக்கையாளரும் கொடுக்கிறார். இதை என் அனுபவத்தைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

பள்ளிக்கூடத்து மாவு

என் வயதுக்காரர்களுக்கு ஒரு நினைவு இருக்கும். பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்கு வந்த மூட்டைகளிலும் தகர டின்களிலும் இரண்டு கைகள் குலுக்குவது போல் ஒரு படம் போட்டிருக்கும். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று வாத்தியார் சொல்வார். அந்தக் கோதுமை ரவை உப்புமாவின் வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

அப்போது நாட்டின் நிலை அப்படி. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் 1956 முதல் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. டாலர் கொடுக்க வேண்டியதில்லை, ரூபாயிலேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் மலிவுக் கோதுமை வந்து இறங்கிக்கொண்டிருந்தவரை உள்நாட்டு உழவருக்கு விலை கிடைக்கவில்லை, விளைச்சலைப் பெருக்க ஊக்கமும் இல்லை என்று பொருளாதாரம் அறிந்தவர்கள் அன்றே எச்சரித்தார்கள். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்தபோது உண்மை வெளிப்பட்டது. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. கப்பலில் இருந்து இறங்கியது நேரே வாய்க்குப் போயிற்று. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் அதை மொத்தமாக அனுப்பாமல், கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவைத் தவிர்க்கும்படி மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

அந்த நிலையிலிருந்து நம்மை மீட்டவர்களில் முதன்மையானவர் நம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம். மத்திய உணவு அமைச்சராக இருந்த அவர் காலத்தில்தான் இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் நம் தஞ்சாவூரில் தொடங்கப்பட்டது. 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் கோதுமை விதை வரவழைக்கப்பட்டது. தானியம் வாங்கித் தின்றதை நிறுத்திவிட்டு விதை வாங்கினார்கள். விதையோடு உழவருக்கு ஒரு விலை உறுதியும் கொடுத்தார்கள். அரிசியிலும் கோதுமையிலும் நாம் தலைநிமிர்ந்தது அப்படித்தான். பருப்புக்கும் எண்ணெய்க்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை.

எண்ணெயில் கண்ட பாடம்

எங்கள் திருவண்ணாமலை மாவட்டம் மல்லாட்டை பூமி. நிலக்கடலை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்கிறோம். 1986-ல் எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கிய பிறகு, 1990-களின் தொடக்கத்தில் நாடு சமையல் எண்ணெயில் ஏறக்குறையத் தன்னிறைவை எட்டியது. 1994-ல் பாமாயில் இறக்குமதி 65 சதவீத வரியோடு தாராளமாக்கப்பட்டது. 1998-க்குள் அந்த வரி 15 சதவீதமாக இறங்கியது. மலிவான பாமாயில் வந்தது. நாமும் டின் டின்னாக விற்றோம். லாபமும் பார்த்தோம். ஆனால் எங்கள் பக்கத்து எண்ணெய்ச் செக்குகளும் சிறு மில்களும் ஒவ்வொன்றாக மூடின.

இன்று நாம் விற்கும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23 வரை நீடித்த அந்தத் தடையின்போது, காலையில் சொன்ன விலையை மாலையில் சொல்ல முடியாமல் நாம் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். திரும்பிப் பார்த்தால் உள்ளூர்ச் செக்கு இல்லை. "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று நம் பாட்டிமார்கள் சொன்னது சும்மாவா?

என் சொல்லை நம்பியவர்

இப்போது பருப்புக்கு வருகிறேன். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மழை குறைவு. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. பல மாநிலங்களில் குடோன்கள் சோதனையிடப்பட்டன. பத்திரிகைகளில் எல்லா வியாபாரிகளும் பதுக்கல்காரர்கள் ஆனோம்.

தண்டராம்பட்டு பக்கத்திலிருந்து என்னிடம் மல்லாட்டை கொண்டுவரும் ஒரு விவசாயி உண்டு. முப்பது ஆண்டுப் பழக்கம். 2016 ஆடிப்பட்டத்துக்கு முன் அவர் கடைக்கு வந்தபோது, "துவரைக்கு நல்ல விலை இருக்கிறது, இந்த முறை கூடுதலாகப் போடுங்கள்" என்று சொன்னவன் நான்தான். மல்லாட்டையில் ஊடுபயிராக மட்டும் போட்டு வந்தவர், அந்த ஆண்டு கிணற்றுப் பக்கத்து இரண்டு ஏக்கரைத் தனியாகத் துவரைக்கே விட்டார்.

நாடு முழுவதும் அப்படித்தான் நடந்தது. 2015-16-ல் சுமார் 163 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் பருப்பு விளைச்சல், 2016-17-ல் சுமார் 230 லட்சம் டன்னாக உயர்ந்தது. விலை கிடைக்கும் என்று நம்பினால் நம் உழவர் என்ன செய்து காட்டுவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே 2016-17-ல் 66 லட்சம் டன் பருப்பு இறக்குமதியும் ஆனது. மொசாம்பிக் நாட்டோடு 2016 ஜூலையில் பல ஆண்டு ஒப்பந்தமும் போடப்பட்டது. குறைந்தபட்ச ஆதரவு விலை போனசோடு சேர்த்துத் துவரைக்குக் குவிண்டால் 5,050 ரூபாய். 2017-ல் சந்தை விலை பல இடங்களில் 4,000 ரூபாயை ஒட்டி விழுந்தது. வெளிநாட்டுக்கு விற்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 2006-ல் போட்ட ஏற்றுமதித் தடை 2017-ல்தான் முழுதாக நீங்கியது.

அந்த மாசி மாதம் அவர் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றார். என் குடோனில் முந்தைய விலைக்கு வாங்கிய கப்பல் சரக்கு அடைந்து கிடந்தது. அதிலேயே எனக்குப் பெரிய நஷ்டம். அவர் கேட்ட விலைக்கு என்னால் எடுக்க முடியவில்லை. "நீங்க சொன்னதாலதானே அண்ணே போட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். கிடைத்த விலைக்குப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆடியில் அந்த இரண்டு ஏக்கரில் சவுக்கு வைத்துவிட்டார்.

சவுக்கு வைத்த நிலம் நாலு வருடத்துக்குப் பருப்புக்குத் திரும்பாது. மலிவுப் பருப்பின் பில்லில் எழுதாத விலை என்று நான் சொல்வது இதைத்தான்.

கதவு திறப்பதும் மூடுவதும்

இதற்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டது உண்மை. 2017 ஆகஸ்டில் துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு அளவு நிர்ணயித்தார்கள். 2017 நவம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீத வரி போட்டார்கள். 2018-19-ல் மொத்தப் பருப்பு இறக்குமதி சுமார் 25 லட்சம் டன்னாகக் குறைந்தது. ஆனால் அந்த நிலை நீடிக்கவில்லை. 2021 மே மாதம் துவரை, உளுந்து, பாசிப்பயறுக்குக் கதவு திறந்தது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு வரியே இல்லை என்றார்கள். மூன்று மாதத்துக்கு, நான்கு மாதத்துக்கு என்று அதைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். 2025 நவம்பர் 1 முதல் அதே பட்டாணிக்கு 30 சதவீத வரி. எட்டு ஆண்டில் 50, பிறகு பூஜ்யம், பிறகு 30! இதை நம்பி எந்த உழவர் விதைப்பார்? எந்த வியாபாரி கொள்முதல் செய்வார்?

விளைவு என்ன? 2024-25-ல் நாட்டின் பருப்பு இறக்குமதி சுமார் 73 லட்சம் டன். இதுவரை இல்லாத அளவு. அதில் 20 லட்சம் டன்னுக்கு மேல் மஞ்சள் பட்டாணி மட்டும். இதற்காக வெளியே போன பணம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். உள்நாட்டு விளைச்சல் சுமார் 250 லட்சம் டன். அதாவது நாம் விற்கும் ஐந்து மூட்டையில் ஒரு மூட்டைக்கு மேல் கப்பலில் வந்தது.

இந்தப் பணமும் ரூபாய்க் கணக்கில் நிற்பதில்லை. டாலர் 2015-ல் 65 ரூபாயை ஒட்டி இருந்தது. 2022-ல் 80-ஐத் தாண்டியது. 2025 டிசம்பரில் 90-ஐயும் தாண்டியது. பர்மாவில் ஒரு டாலர்கூட விலை ஏறாவிட்டாலும் சென்னையில் உளுந்து விலை ஏறும். அந்தப் பர்மாவிலேயே 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. உள்நாட்டுச் சண்டை மூண்டது. நம் ஊர் இட்லி அந்த நாட்டு அமைதியை நம்பி இருக்கலாமா? 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்று போனதையும், மறு ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒரு சிறு கணக்கு

தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 100 கிலோ முழுத் துவரையை உடைத்தால் 65 முதல் 70 கிலோ பருப்பு கிடைக்கும். மீதி தோல், குருணை, தூசி. 2025-26 பருவத்துக்குத் துவரையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். அந்த விலைக்கு வாங்கி உடைத்தால், பருப்பின் அடக்கம் கிலோவுக்கு 114 ரூபாய்க்குக் குறைய வழியில்லை. தோல், குருணை விற்ற காசு உடைப்புக் கூலிக்கும் சாக்குக்கும் சரியாகிவிடும். அதன்மேல் லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, கழிவு, மொத்தக் கடை லாபம், உங்கள் லாபம் எல்லாம் சேர வேண்டும்.

ஆகவே, நல்ல துவரம் பருப்பு மில் வாசலில் 100 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று தரகர் போன் செய்தால், மகிழ்ச்சி அடையுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். எங்கோ ஓர் உழவருக்கு ஆதரவு விலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். அவர் அடுத்த ஆண்டு துவரை போட மாட்டார். அதற்கடுத்த ஆண்டு அதே தரகர் 180 ரூபாய் என்பார். அன்று சோதனைக்கு அதிகாரிகள் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான்.

நம் தலையில் விழும் பழி

2023 ஜூன் 2-ல் துவரை, உளுந்துக்கு இருப்பு வரம்பு போட்டார்கள். மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். செப்டம்பரில் மொத்த வியாபாரிக்கு 50 டன் என்று குறைத்தார்கள். நவம்பரில் மறுபடியும் 200 டன். ஐந்து மாதத்தில் மூன்று உத்தரவு. லாரி வழியில் இருக்கும்போதே சட்டம் மாறினால் சரக்கை எங்கே கொண்டு போய் வைப்பது? பதுக்குபவரைத் தண்டிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அறுவடைக் காலத்தில் உழவரிடம் வாங்கி வைத்து, ஆண்டு முழுதும் பிரித்து விற்பதுதான் மொத்த வியாபாரியின் வேலை. அதற்கு இடம் கொடுக்காவிட்டால் அறுவடையின்போது விலை விழும், பிறகு ஏறும். இரண்டுக்கும் பழி நமக்கு.

அதே நேரத்தில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டாணி மாவைக் கலந்து கடலை மாவு என்று விற்பவர்கள் நம்மிடையே இல்லையா? பட்டாணிப் பருப்பைத் துவரம் பருப்போடு சேர்ப்பவர்கள் இல்லையா? வெளிநாட்டுத் துவரையைப் பாலீஷ் போட்டு "நாட்டுத் துவரை" என்று விலை கூட்டி விற்பவர்கள் இல்லையா? கனடா மஞ்சள் பருப்பை அந்தப் பெயர் சொல்லி விற்பதில் தவறில்லை. ரேஷன் கடையிலேயே அது கொடுக்கப்பட்டிருக்கிறது. பெயரை மாற்றி விற்கும்போதுதான் உண்மையான நாட்டுத் துவரை போட்டவரின் வயிற்றில் நாமே அடிக்கிறோம்.

என்ன செய்யலாம்?

2025 அக்டோபர் 11-ல் பருப்புத் தன்னிறைவு இயக்கம் என்று ஒன்றை 11,440 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் மத்திய அரசு தொடங்கியது. 2030-31-க்குள் விளைச்சலை 350 லட்சம் டன்னாக்குவது நோக்கம். பதிவு செய்த உழவர்களிடம் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றை நான்கு ஆண்டுக்கு ஆதரவு விலையில் முழுவதும் வாங்குவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் அறிவிப்பு தண்டராம்பட்டு வரை வந்து சேர வேண்டும். அதற்காக நம் சங்கம் கீழ்க்கண்டவற்றை வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது: "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் பழமொழி. அந்த ஆண்டுக்கான இறக்குமதி வரியை ஆனி மாதம் முடிவதற்குள் அறிவித்துவிட வேண்டும். அறுவடை முடியும்வரை மாற்றக் கூடாது. கப்பல் சரக்கின் இறங்கு விலை ஆதரவு விலைக்குக் கீழே போகாதபடி வரி ஏறி இறங்கட்டும்.

இரண்டாவது: நம் மாவட்ட ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நெல், மல்லாட்டைக்கு உள்ள கவனம் துவரைக்கும் உளுந்துக்கும் வேண்டும். அறுவடைக்கு முன்பே கொள்முதல் தேதியை அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது: தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷனில் மலிவு விலையில் துவரம் பருப்பு கொடுக்கும் திட்டம் ஏழைகளுக்குப் பெரிய உதவி. ரேஷனுக்கும் சத்துணவுக்கும் வாங்கும் பருப்பில் ஒரு பங்கை மாநில உழவரிடமிருந்தே வாங்கினால், அதுவே உழவருக்கு நிலையான சந்தை ஆகிவிடும்.

நான்காவது: இருப்பு வரம்பை மாற்றுவதானால் ஒரு மாத அவகாசம் கொடுத்து மாற்ற வேண்டும்.

ஐந்தாவது நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டியது. பருப்புச் சாக்கின்மேல் விலை அட்டை குத்துகிறோமே, அதில் எந்த நாட்டுச் சரக்கு என்றும் ஒரு வார்த்தை எழுதுவோம். பத்து மூட்டை எடுக்கும் கடைக்காரர் இரண்டு மூட்டையாவது உள்ளூர்ச் சரக்காக எடுக்கட்டும். கிலோவுக்கு ஐந்து பத்து ரூபாய் கூடுதல்தான். ஆனால் வேகும் பதத்திலும் மணத்திலும் வித்தியாசம் தெரியும். வாடிக்கையாளர் திரும்பக் கேட்டு வருவார். இரண்டு ஆண்டாக நான் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அன்னதானத்துக்கு வாங்குபவர்களிடம், "இது நம் ஜில்லாத் துவரை" என்று சொன்னால் பேரம் பேசாமல் எடுத்துப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

தண்டராம்பட்டுக்காரர் சவுக்கை வெட்டிவிட்டார். 2025 ஆடிக்கு முன் கடைக்கு வந்து, "துவரை போடலாமா அண்ணே?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை சொல்லிச் சூடு கண்டவன் ஆயிற்றே! கடைசியில், "ஒரு ஏக்கர் போடுங்கள். ஆதரவு விலைக்குக் குறையாமல் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். ஓர் ஏக்கர் விளைச்சல் என்பது சில மூட்டைகள்தான். அதில் நஷ்டம் வந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

ஆனால் ஊருக்கு ஊர் நம் சங்க உறுப்பினர்கள் ஆளுக்கு ஓர் ஏக்கருக்கு இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும். எந்தக் கப்பலுக்கும் காத்திருக்க வேண்டாம்.



- பருப்பு மொத்த வியாபாரி,
ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.